பரிசலில் ஒரு சுற்று, பாட்டியோடு ஒரு கூடை... இந்த லீவுக்கு இதை ட்ரை பண்ணுங்க!

ரத்தின சபையில் நடராஜர் ஊர்த்துவ தாண்டவம் ஆடும் ஊர் திருவாலங்காடு. கோயிலுக்கும் ரயிலுக்கும் குறைவில்லை. ஆனால், பக்கத்தில் ஓடும் கொசஸ்தலை ஆற்றில் மழைக்காலம் போனால் மணல்தான் கண்ணில் படும். அதனால்தான் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆற்றுப் பயணம் என்றாலே அவ்வளவு ஆசை! ரிஷிகேஷ் வரை போகப் பணமில்லையே என்று கவலைப்படாதீங்க. நம்ம ஒகேனக்கல் பரிசல் இருக்கு.

எப்படிப் போவது?

அரக்கோணம் போய், சேலம் பக்கம் போகும் ரயிலைப் பிடித்தால் மொரப்பூரில் இறங்கலாம் (எல்லா ரயிலும் நிற்காது, பார்த்து டிக்கெட் எடுங்க). அங்கிருந்து பஸ்ஸில் தருமபுரி. தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் சுமார் 45 கி.மீ.

படகு இல்லை, கூடை!

பரிசலை உற்றுப் பாருங்க. அது மிதக்கும் மூங்கில் கூடை. மூங்கிலைப் பிளந்து, பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி அடிப்பாகம் செய்கிறார்கள். அதற்குப் பலம் சேர்க்க தடிமனான பட்டைகளைக் கொடுக்கிறார்கள். பிறகு ஓரங்களை மேலே வளைத்து, விளிம்பைக் கட்டுகிறார்கள். அந்தக் காலத்தில் வெளியே மாட்டுத்தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும். வேலை முடிந்ததும் பரிசலைக் கவிழ்த்துத் தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

அடிப்பாகம் தட்டையாக இருப்பதால் ஆழமில்லாத தண்ணீரிலும் பாறைகளுக்கு நடுவிலும் போகும். முன், பின் என்று எதுவும் இல்லாததால் ஒரே துடுப்பில் சுழற்றியும் விடலாம். தலை கிறுகிறுக்கும் அந்தச் சுற்றுதான் குழந்தைகளுக்கு ஹைலைட்! ஹம்பியில் துங்கபத்திரையிலும், வியட்நாம் கடற்கரையிலும், பிரிட்டனின் வேல்ஸிலும் இதே போன்ற கூடைப் படகுகள் உண்டு.

ஏறும் முன் இதைப் படிங்க

* லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீங்க. குழந்தைக்குச் சரியான அளவில் கிடைக்கவில்லையா, குழந்தையோடு நீங்களும் கரையிலேயே இருங்க.
* செல்ஃபிக்காக எழுந்து நிற்காதீங்க. ஒரு பக்கம் பாரம் கூடினால் பரிசல் கவிழும்.
* கர்நாடகாவில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளைத் திறந்தால் இங்கே நீர்வரத்து எகிறும். உடனே பரிசலுக்குத் தடை வரும். 'இவ்வளவு தூரம் வந்துட்டோமே' என்று யாரிடமும் கெஞ்சி ஏறாதீங்க. கிளம்பும் முன்பே செய்தி பாருங்க.
* அனுமதிக்கப்பட்ட பரிசல் துறையில் மட்டும் ஏறுங்க.

தடை என்றாலும் ஏமாற்றம் வேண்டாம். எண்ணெய் மசாஜ், சுடச்சுட மீன் வறுவல், தொங்கு பாலத்திலிருந்து அருவி என ஒரு நாள் ஓடிவிடும்.

வீட்டுக்கு வந்ததும்...

போனில் 300 போட்டோ எடுத்திருப்பீங்க. அடுத்த மாதம் யார் பார்க்கப் போகிறார்கள்? கையால் ஒரு நினைவு செய்து வையுங்க. குட்டிப் பரிசல்!

1. பழைய செய்தித்தாளை நீளவாக்கில் மடித்து, ஒரு அங்குல அகலத்தில் 20 பட்டைகள் செய்யுங்க.
2. எட்டை நெடுக்காக வைத்து, எட்டைக் குறுக்காக மேலும் கீழுமாகப் பின்னுங்க.
3. நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை மேலே மடக்கி, மீதிப் பட்டைகளை ஒட்டி நீளமாக்கி, சுற்றிலும் இரண்டு வரிசை பின்னுங்க.
4. மிச்ச முனைகளை உள்பக்கம் மடித்துப் பசை போட்டு, விளிம்பில் சணல் சுற்றுங்க.
5. காய்ந்ததும் வெளியே முழுக்க பிளாஸ்டிக் டேப் ஒட்டி, வாளித் தண்ணீரில் விடுங்க. மிதக்கும்!

மூலை சரியாக வரவில்லையா? யூடியூபைத் திறப்பதற்கு முன் பாட்டியைக் கூப்பிடுங்க. பனையோலையில் கூடையும் கிலுகிலுப்பையும் பின்னிய கை அது. காகிதத்தைப் பார்த்ததும் சிரிப்பார். அப்புறம் விரல் தானாக ஓடும். நாலு மணி நேரம் ஒகேனக்கல் கதையும், பாட்டி சின்ன வயசில் ஆற்றைக் கடந்த கதையும் சேர்ந்து ஓடும்.

அந்தப் பின்னலை ஒரு முறை அவரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்க. ஆற்றில் அடுத்த வருஷமும் தண்ணீர் வரும். பாட்டியின் கை எப்போதும் நமக்காகக் காத்திருக்காது.