குழந்தைப்பருவ ஊட்டக்குறையும் மூளை வளர்ச்சியும்

கருவில் இருக்கும்போதும் பிறந்த முதல் இரண்டு ஆண்டுகளிலும் போதிய ஊட்டம் கிட்டாத குழந்தைக்கு மூளையின் அமைப்பிலும் செயலிலும் குறைகள் நேரலாம். பிறக்கும்போது ஏறத்தாழ 350 கிராம் எடையுள்ள மூளை, இரண்டு வயதுக்குள் வளர்ந்தோர் மூளையின் முக்கால் பங்கை எட்டிவிடுகிறது. ஓய்வில் இருக்கும் கைக்குழந்தையின் உடல் செலவிடும் ஆற்றலில் பாதிக்கு மேல் மூளைக்கே போகிறது. உணவு குறையும்போது இவ்வளவு விரைந்து வளரும் உறுப்பு தப்புவது அரிது.

எந்தச் சத்து, எந்தக் கட்டத்தில் குறைகிறது என்பதைப் பொறுத்தே பாதிப்பும் அமையும். கருவுற்ற முதல் மாதத்தில் ஃபோலேட் குறைந்தால் கருவின் நரம்புக்குழாய் சரிவர மூடாமல் போகலாம். தாய்க்கு அயோடின் கடுமையாகக் குறைந்தால் குழந்தையின் அறிவுத்திறன் மீளாத அளவுக்குக் குன்றக்கூடும். இரும்புச்சத்துக் குறை, நரம்பிழைகளைப் போர்த்தும் மயலின் உறையையும் நினைவாற்றலுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதியையும் தாக்குகிறது. சோகை தீர்ந்த பிறகும் கற்றலில் பின்னடைவு சிலரிடம் தங்கிவிடுகிறது.

இத்துறையில் பெரிதும் பேசப்படும் ஆய்வு குவாத்தமாலாவில் நடந்தது. மத்திய அமெரிக்கா – பனாமா ஊட்டச்சத்து நிறுவனம் 1969 முதல் 1977 வரை நாட்டின் கிழக்கே நான்கு கிராமங்களில் அதை நடத்தியது. இரண்டு ஊர்களில் ‘அத்தோலே’ என்னும் புரதக் கஞ்சி. மற்ற இரண்டில் புரதமில்லாத, கலோரி குறைந்த ‘ஃப்ரெஸ்கோ’ என்னும் இனிப்புப் பானம். மருத்துவ வசதி நான்கு ஊர்களுக்கும் கிடைத்தது. குழந்தைகள் வளர்ந்து ஆளான பின் அவர்களைத் தேடிப்போய் மீண்டும் சோதித்ததுதான் இவ்வாய்வின் தனிச்சிறப்பு. சிறுவயதில் அத்தோலே குடித்தவர்கள் வாசித்துப் புரிந்துகொள்வதில் முன்னே நின்றார்கள். பெண்கள் ஏறத்தாழ ஒரு வகுப்பு கூடுதலாகப் படித்திருந்தார்கள். பிறந்தது முதல் இரண்டு வயதுவரை அதைப் பெற்ற ஆண்களின் மணிக்கூலி, சராசரிக் கூலியில் 46 விழுக்காடு அளவுக்கு உயர்ந்திருந்தது. மூன்று வயதுக்குப் பின் தொடங்கியவர்களுக்குக் கூலியில் இந்த ஆதாயம் இல்லை. நான்கே கிராமங்கள் என்பது ஆய்வின் பலவீனம். ஆனாலும், பள்ளிச் சத்துணவோடு நின்றுவிடும் அரசுகள் கருவுற்ற தாயையும் கைக்குழந்தையையும் முதலில் கவனிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேடுவது கடினம்.

குறுகிய காலப் பஞ்சம் வேறு வகை. 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினியில் வாடியது. அப்போது தாயின் வயிற்றில் இருந்த ஆண்களை, படைக்கு அழைக்கப்பட்ட வயதில் சோதித்தபோது அறிவுத்திறனில் வேறுபாடு தென்படவில்லை. பிறந்த பின் அவர்களுக்கு உணவு கிடைத்தது என்பதை மறந்துவிடக் கூடாது. அதே தலைமுறையில் மனச்சிதைவு நோய் கூடியிருந்ததும் பின்னர் தெரியவந்தது.

பாதிப்பை எந்த அளவுக்கு மீட்க முடியும்? சாலி கிரந்தம்-மெக்கிரெகரும் குழுவினரும் 1980களில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் உயரம் குன்றிய 129 குழந்தைகளிடம் இதை ஆராய்ந்தார்கள். சிலருக்குப் பால்மாவு தரப்பட்டது. சிலர் வீட்டுக்கு வாரம் ஒருமுறை சுகாதாரப் பணியாளர் சென்று, குழந்தையோடு பேசி விளையாடத் தாய்க்குக் கற்றுக்கொடுத்தார். சிலருக்கு இரண்டும் கிடைத்தன. இரண்டு ஆண்டு முடிவில் பாலும் விளையாட்டும் தனித்தனியே பலன் தந்தன; இரண்டையும் பெற்றவர்கள் வளர்ச்சி குன்றாத குழந்தைகளை ஏறக்குறைய எட்டிவிட்டார்கள். சிறுவயதில் விளையாட்டுப் பயிற்சி பெற்றவர்களின் வருமானம் 22 வயதில், அதைப் பெறாதவர்களைவிட 25 விழுக்காடு அதிகம். பால்மாவு மட்டும் பெற்றவர்களிடம் அறிவுத்திறன் ஆதாயம் நிலைக்கவில்லை.