‘யார்’ என்பதற்கும் ‘எங்கே’ என்பதற்கும் இடையில்: சார்லி ராஸ் வழக்கும் (1874) அவன் குடும்பமும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1874-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சார்லி ராஸ் என்னும் நான்கு வயதுச் சிறுவன் கடத்தப்பட்டான். பணயத் தொகை கேட்டுக் குழந்தையைக் கடத்திய நிகழ்வுகளுள் அந்நாடு முழுவதும் பெருங்கவனம் பெற்ற முதல் நிகழ்வு இது. கடத்தியோர் யார் என்பது ஆறு மாதங்களுக்குள் வெளிப்பட்டது. குழந்தைக்கு என்ன நேர்ந்தது என்பது இன்றுவரை வெளிப்படவில்லை. இவ்விரு வினாக்களுக்கும் இடையிலான இடைவெளி அக்குடும்பத்தின் வாழ்வை எவ்வாறு வடிவமைத்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: காணாமற்போன குழந்தைகள், சார்லி ராஸ், பணயத் தொகை, தெளிவற்ற இழப்பு, குடும்ப வரலாறு, குற்ற வரலாறு

முன்னுரை

குற்ற வரலாற்றில் ‘தீர்வு காணப்பெறாத வழக்கு’ என்னும் தொடர் பெரும்பாலும் குற்றவாளி யாரென அறியப்படாத வழக்கையே சுட்டும். காணாமற்போன குழந்தைகளைப் பொறுத்தவரை இவ்வரையறை போதுமானதன்று. குற்றவாளி அறியப்பட்ட பின்னரும் குழந்தையின் நிலை அறியப்படாமல் நிற்கும் வழக்குகள் உண்டு. அரசின் கோப்பில் அவை பெருமளவு முடிந்துவிடுகின்றன. பெற்றோருக்கு அவை தொடங்கிய இடத்திலேயே நிற்கின்றன. சார்லி ராஸ் வழக்கு இதற்குத் தெளிவான சான்றாகும்.

இவ்வழக்கிற்கான முதன்மைச் சான்று, சிறுவனின் தந்தை கிறிஸ்டியன் ராஸ் 1876-இல் வெளியிட்ட நூலாகும். தேடலைத் தொடரப் பொருள் திரட்டுவது அந்நூலின் நோக்கங்களுள் ஒன்று. தம்மீது எழுந்த ஐயங்களுக்கு விடையிறுக்கவும் தந்தை அதில் முயல்கிறார். ஆகவே அதனை நடுநிலையான ஆவணமாகக் கொள்ள இயலாது. எனினும், ஒரு குடும்பம் தன் இழப்பை ஊரறிய விளக்கும் கட்டாயத்திற்கு உள்ளானது என்பதற்கு அந்நூலே சான்றாக அமைகிறது.

நிகழ்வும் முதல் நாட்களும்

கிறிஸ்டியன் ராஸ் துணி வணிகர். பிலடெல்பியாவின் ஜெர்மன்டவுன் பகுதியில் பெரிய வீடொன்றில் குடும்பத்துடன் வாழ்ந்தார். 1873-ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியில் அவருடைய வணிகம் நலிந்திருந்தது. வெளியிலிருந்து பார்ப்போருக்கு வீட்டின் அளவு தெரிந்தது, கடன் தெரியவில்லை.

கடத்தலுக்குச் சில நாட்களுக்கு முன்பிருந்தே இருவர் குதிரை வண்டியில் வந்து சார்லிக்கும் அவனுடைய அண்ணன் வால்டருக்கும் இனிப்பு கொடுத்துப் பழகினர். இனிப்பு கொடுத்தவர்களைப் பற்றிச் சிறுவர்கள் கூறியபோது, குழந்தைகள் மீது அன்புடையவர் எவரோ என்றே தந்தை எண்ணினார். ஜூலை 1 அன்று, விடுதலை நாளுக்கான பட்டாசு வாங்கித் தருவதாகக் கூறி இருவரையும் வண்டியில் ஏற்றிச் சென்றனர். நகரின் கென்சிங்டன் பகுதியில் வால்டரிடம் 25 சென்ட் கொடுத்துக் கடைக்கு அனுப்பினர். அவன் பட்டாசுடன் வெளியே வந்தபோது வண்டி அங்கில்லை.

வால்டர் அன்றே வீடு சேர்க்கப்பட்டான். குடிபோதையில் இருந்தவர்களின் விளையாட்டாக இது இருக்கலாம் என்று காவலர்கள் தொடக்கத்தில் கருதினர். தாய் சாரா அப்போது உடல்நலம் தேறுவதற்காக அட்லாண்டிக் சிட்டி கடற்கரை நகரில் தங்கியிருந்தார். அவர் கலங்கக்கூடாது என்பதற்காகச் செய்தியை மறைக்கக் கணவர் முயன்றார். ஆயினும் மகனை இழந்த செய்தியைத் தாய் செய்தித்தாளின் வழியாகவே அறிய நேர்ந்தது.

பணயத் தொகையும் தந்தையின் இருதலைக்கொள்ளி நிலையும்

சில நாட்களுக்குள் கடத்தியோரின் கடிதங்கள் வரத் தொடங்கின. எழுத்துப் பிழைகள் மலிந்த அக்கடிதங்கள் 20,000 டாலர் கேட்டன. துப்பறிவோர் நெருங்கினால் குழந்தை கொல்லப்படும் என்று அச்சுறுத்தின. நவம்பர் வரை மொத்தம் 23 கடிதங்கள் வந்தன. குடும்பம் செய்தித்தாள்களின் தனிவிளம்பரப் பகுதி வழியாக விடையளித்தது. ஒரு தந்தை தம் மகனின் உயிருக்காக நடத்திய பேச்சு, நகரமே படிக்கும் பக்கத்தில் குறிப்புச் சொற்களாக அச்சேறியது.

பணம் கொடுத்தால் இத்தொழில் பெருகும். வேறு குழந்தைகளும் கடத்தப்படுவர் என்பது காவல்துறையினரும் நகரப் பெருமக்களும் வைத்த வாதம். சமூகத்தின் நோக்கில் அதில் நியாயம் இருந்தது. தந்தையும் தொடக்கத்தில் அதனை ஏற்றார். ஜூலை 22 அன்று நகர மேயர், குடிமக்கள் சார்பில் 20,000 டாலர் பரிசு அறிவித்தார். கடத்தியோர் கேட்ட அதே தொகை, அவர்களைப் பிடிப்பதற்கான பரிசாகத் திரண்டது. குழந்தையை மீட்பதும் குற்றவாளியைப் பிடிப்பதும் ஒரே செயலன்று என்பது இங்கே முதன்முதலாகப் புலப்படுகிறது. இரண்டுள் முந்தியதைக் குடும்பம் நாடியது; பிந்தியதை நகரம் நாடியது.

நாட்கள் செல்லச் செல்லத் தந்தையின் உறுதி தளர்ந்தது. ஆகஸ்டு இறுதியில், கடத்தியோரின் கட்டளைப்படி அவர் இரவுத் தொடர்வண்டியின் கடைசிப் பெட்டியின் பின்மேடையில் பையுடன் நின்று பயணம் செய்தார். வழியில் வெளிச்சக் குறி தெரிந்தால் பையை வீசவேண்டும். பையில் பணமில்லை, பணத்தையும் குழந்தையையும் ஒரே நேரத்தில் கைமாற்றிக்கொள்ள வேண்டும் என்று கோரும் கடிதமே இருந்தது. குறி ஏதும் தெரியவில்லை. இலையுதிர் காலத்தில் அவர் நோயுற்றார். மனைவியின் உறவினர்கள் பேச்சைத் தொடர்ந்தனர். நவம்பரில் உறவினர் பணத்துடன் நியூயார்க் விடுதி ஒன்றில் காத்திருந்தும் எவரும் வரவில்லை. முன்னரே கொடுத்திருந்தால் மகன் மீண்டிருப்பானோ என்னும் கேள்விக்கு விடை கிடைக்கும் வாய்ப்பு அத்துடன் மறைந்தது.

ஐயத்திற்கு உள்ளான குடும்பம்

காவலர்கள் பிலடெல்பியா நகரில் வீடு வீடாகச் சோதனையிட்டனர். பிங்கர்டன் துப்பறியும் நிறுவனம் சிறுவனின் உருவப்படம் தாங்கிய அறிவிக்கைகளைப் பரப்பியது. தேடல் பயனளிக்காதபோது பொதுமக்களின் பார்வை வீட்டை நோக்கித் திரும்பியது. தந்தையே இதில் உடந்தை என்றும், குழந்தையின் பிறப்பில் மறைபொருள் உண்டு என்றும் பேச்சுகள் எழுந்தன. செய்தித்தாள் ஒன்றின்மீது கிறிஸ்டியன் ராஸ் அவதூறு வழக்குத் தொடுக்க நேர்ந்தது.

இது தற்செயலானதன்று. விடை கிடைக்காத வினாவை ஒரு சமூகம் நெடுநாள் தாங்குவதில்லை. வெளியே குற்றவாளி அகப்படாதபோது கண்ணெதிரே இருக்கும் பெற்றோரே விடையாக்கப்படுகின்றனர். மகனைத் தேடும் வேலையோடு, தாம் குற்றமற்றவர் என மெய்ப்பிக்கும் வேலையும் தந்தையின் மேல் விழுந்தது.

‘யார்’ என்பதற்கு விடை

1874 டிசம்பர் 14-ஆம் நாள் விடியுமுன், புரூக்ளின் அருகேயுள்ள பே ரிட்ஜ் பகுதியில் நீதிபதி வான் பிரன்ட்டின் வீட்டில் திருடப் புகுந்த இருவர் சுடப்பட்டனர். வில்லியம் மோஷர் அங்கேயே இறந்தான். ஜோசப் டக்ளஸ் இறக்குமுன், சார்லி ராஸைக் கடத்தியவர்கள் தாங்களே என்று ஒப்புக்கொண்டான். குழந்தை இருக்குமிடம் மோஷருக்கே தெரியும் என்றான். அதற்குள் மோஷர் இறந்திருந்தான்.

பிணங்களை அடையாளம் காட்ட வால்டர் அழைத்துச் செல்லப்பட்டான். இனிப்பு கொடுத்த முகங்களை அச்சிறுவன் இனங்கண்டான். கடத்தலை நேரில் கண்டவன் என்பதால், ஆறு வயதளவிலேயே வழக்கின் முதன்மைச் சாட்சியாக அவன் ஆக்கப்பட்டான். மோஷரின் மைத்துனனும் முன்னாள் காவலனுமான வில்லியம் வெஸ்டர்வெல்ட் 1875-இல் சதிக்குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டான். குழந்தை இருக்குமிடம் தனக்குத் தெரியாது என்பதே இறுதிவரை அவனுடைய கூற்று.

சட்டமும் மாறியது. அதுவரை சிறு குற்றமாகவே கருதப்பட்ட குழந்தைக் கடத்தலைப் பெருங்குற்றமாக்கிப் பென்சில்வேனியா மாநிலம் 1875 பிப்ரவரியில் சட்டம் இயற்றியது. குறித்த நாளுக்குள் குழந்தையைத் திருப்பித் தருவோருக்கு அச்சட்டம் விலக்களித்தது. எவரும் வரவில்லை. குற்றவாளிகள் அறியப்பட்டனர், உடந்தையானவன் சிறை சென்றான், சட்டம் இறுக்கமாயிற்று. அரசு செய்யக்கூடியவற்றுள் பல நிறைவேறின. குடும்பத்தின் ஒரே வினாவோ அறிந்தவனுடன் புதைந்தது.

‘எங்கே’ என்பதன் நீட்சி

குடும்ப நல அறிஞர் பாலின் பாஸ் 1970-களில் ‘தெளிவற்ற இழப்பு’ என்னும் கருத்தாக்கத்தை உருவாக்கினார். வியட்நாம் போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்கள் பற்றிய ஆய்வு அதற்கு அடித்தளமாக அமைந்தது. உடலால் இல்லாத ஒருவர் உள்ளத்தில் இருந்துகொண்டேயிருக்கும் நிலை அது. நீத்தார் கடன் செய்து துயரை முடிக்கவும் இயலாது. மீள்வார் என்று உறுதியாக நம்பவும் இயலாது. ராஸ் குடும்பத்தின் பிற்கால வரலாறு இக்கருத்தாக்கத்திற்கு நூறாண்டு முந்தைய சான்றாக விளங்குகிறது. அதனுடன் ஒரு கூறினையும் அது சேர்க்கிறது: இங்கே காத்திருப்பு ஒரு தொழிலாகவே மாறிற்று.

நாட்டின் பல மூலைகளிலிருந்தும் சார்லியைக் கண்டதாகச் செய்திகள் வந்தன. ஆதரவற்ற சிறுவர் பலர் ‘இவன்தான் சார்லி’ எனச் சுட்டப்பட்டனர். தந்தை ஒவ்வொரு செய்தியையும் ஆராய்ந்தார். பலமுறை நேரில் பயணம் செய்தார். ஒவ்வொரு முறையும் ஒரு சிறுவனின் முகத்தைப் பார்த்து ‘இவன் என் மகன் அல்லன்’ என்று சொல்ல வேண்டியிருந்தது. ஆண்டுகள் கடக்கக் கடக்க அச்சொல்லைச் சொல்வதும் கடினமாயிற்று. மகன் வளர்ந்திருப்பான்; நான்கு வயது முகத்தை நினைவில் கொண்டு பத்து வயது முகத்தைத் தேட வேண்டும். பின்னர் வளர்ந்த ஆடவர் தாமே சார்லி என உரிமை கோரி வந்தனர். எதிர்பார்த்திருந்த வருகையே சோதித்து விலக்க வேண்டிய ஒன்றாக உருமாறியது.

தந்தை 1897-இலும் தாய் 1912-இலும் மறைந்தனர். தேடல் அவர்களுடன் முடியவில்லை, உடன்பிறந்தோருக்கு வந்தது. 1939-இல் கஸ்டவ் பிளேர் என்னும் முதியவர் அரிசோனா மாநில நீதிமன்றத்தில் வழக்காடி, தாமே சார்லி ராஸ் என்னும் தீர்ப்பைப் பெற்றார். எதிர்வாதம் செய்ய எவரும் முன்வராத வழக்கு அது. வால்டரும் உடன்பிறந்தோரும் அவரை ஏற்கவில்லை. வண்டியிலிருந்து இறங்கிப் பட்டாசுக் கடைக்குச் சென்ற சிறுவன், 65 ஆண்டுகளுக்குப் பின்னும் தம்பி யார் என்பதற்குச் சாட்சி சொல்ல வேண்டியவராகவே இருந்தார். 1943-இல் அவர் காலமானார்.

முடிவுரை

பணயக் கடத்தலின் வரலாற்றை எழுதுவோர் சார்லி ராஸ் வழக்கைத் தொடக்கப் புள்ளியாகக் கொள்வது வழக்கம். காணாமற்போனோர் பற்றிய விவரங்களைத் தொகுக்கும் அமெரிக்க இணையத் தரவுத்தளமான ‘சார்லி புராஜெக்ட்’ அச்சிறுவனின் பெயரையே தாங்கியுள்ளது. குடும்ப வரலாற்றின் நோக்கில் அணுகினால் இவ்வழக்கு வேறொன்றையும் உணர்த்துகிறது. ‘யார்’ என்பது நீதியின் வினா. ‘எங்கே’ என்பது பெற்றோரின் வினா. முந்தியதற்குக் கிடைக்கும் விடை பிந்தியதற்கு விடையாகாது. மோஷரின் மரணம் காட்டுவதுபோல், சில வேளைகளில் முந்தியது முடிவுறும் முறையே பிந்தியதன் வாயிலை அடைத்துவிடுகிறது.

ஆகவே காணாமற்போன குழந்தைகளின் வழக்குகளை மதிப்பிடும்போது, குற்றவாளி பிடிபட்டாரா என்பதை மட்டும் அளவுகோலாகக் கொள்ளுதல் பொருந்தாது. குழந்தையின் நிலை அறியப்படும்வரை குடும்பத்தின் நோக்கில் வழக்கு திறந்தே இருக்கிறது. ராஸ் குடும்பத்தில் அது ஒரு தலைமுறையைக் கடந்து, தம்பிக்காகக் கடைவாயிலில் நின்ற அண்ணனின் முதுமை வரை திறந்தே இருந்தது.