மறைத்துக் காக்கப்பட்ட கார்ட்ச்னர் குகை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பென்சன் நகரையடுத்த வெட்ஸ்டோன் மலையடிவாரத்தில், ராண்டி டஃப்ட்ஸ், கேரி டெனன் என்னும் இளைஞர் இருவர் 1974 நவம்பரில் கண்டறிந்த சுண்ணாம்புக்கல் குகையின் இருப்பிடம், 1988 வரை பொதுமக்கள் அறியாதவாறு காக்கப்பட்டது. கூரையிலிருந்து சொட்டும் நீரில் கரைந்துள்ள கால்சைட் என்னும் கனிமம் வளையம் வளையமாகப் படிந்து உருவாகும் உள்ளீடற்ற மென்குழல்கள் இக்குகையில் மிகுதி; அவற்றுள் ஒன்று 21 அடிக்கு மேல் நீண்டிருந்தும் உறிஞ்சுகுழலின் பருமனே உடையது என்பதால், கைபட்டாலே முறிந்துவிடும் அதன் அருகே கூட்டம் திரள விடுவது அதை அழிப்பதற்கு ஒப்பாகும்.

நிலத்தின் உரிமையாளர்களான கார்ட்ச்னர் குடும்பத்தாருக்கே 1978-இல்தான் செய்தி தெரிவிக்கப்பட்டது. பிறர் நிலத்தில் கண்டதை உரியவரிடமே மூன்று ஆண்டுகளுக்கு மேல் மறைத்தது, நோக்கம் நல்லதேயாயினும், முறையன்று. அதன்பின் குகையைக் காண வந்தோரிடம் இரகசியக் காப்பு உறுதிமொழியில் கையொப்பம் பெறப்பட்டது. 1988-இல் மாநிலச் சட்டமன்றம் நிலத்தை வாங்க விரைந்து ஒப்புதல் அளித்தபோதே இருப்பிடம் வெளியாயிற்று. ஈரப்பதம் வெளியேறாதபடி அடைப்புக் கதவுகள் அமைக்கப்பட்டு, 1999-இல் குகை மக்களுக்குத் திறக்கப்பட்டது.

அதே 1988-இல் இயற்றப்பட்ட கூட்டரசுக் குகைவளப் பாதுகாப்புச் சட்டம், கூட்டரசு நிலங்களிலுள்ள சிறப்புமிக்க குகைகளின் இருப்பிடத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகவும் பொதுவில் வெளியிடலாகாது என விதித்தது. எனினும் இவ்விதி அரசின் ஆவணங்களையே கட்டுப்படுத்துகிறது, குகையை நேரில் கண்டு திரும்பிய தனியாரின் வாயை அன்று.