தெல்தெனியவும் உறுப்புரை ஒன்பதும்: மதச் சுதந்திரத்துக்கு யார் காவல்?

கண்டியிலிருந்து மஹியங்கனை போகும் வீதியில் குண்டசாலை, திகன தாண்டினால் தெல்தெனிய. இன்றிருப்பது புதிய நகரம். பழைய நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிட்டது. வேலை விடயமாக அந்த வழியால் அடிக்கடி போய்வருபவன் நான். திகனயில் ஒரு கடையில் தேநீர் குடிப்பது வழக்கம். கடைக்காரரை நான் நானா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். 2018இல் அவருடைய கடையும் எரிந்தது. அண்மையில் ஒருநாள் அவர் கேட்டார்: "தம்பி, சட்டத்துல எங்கட மார்க்கத்துக்கும் பாதுகாப்பு இருக்கு என்டு சொல்றாங்களே, அன்டைக்கு அது எங்க போனது?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பிறகு தேடிப் படித்தவற்றை இங்கே தருகிறேன்.

அன்று நடந்தது

2018 பெப்ரவரி 22ஆம் திகதி தெல்தெனியவில் வாகனத் தகராறு ஒன்றில் சிங்கள லொறிச் சாரதி ஒருவரை முஸ்லிம் இளைஞர்கள் சிலர் தாக்கினார்கள். சில நாட்களின் பின் அவர் வைத்தியசாலையில் உயிரிழந்தார். அது ஒரு குற்றம். விசாரிக்கப் பொலிஸும் நீதிமன்றமும் இருந்தன. ஆனால், மார்ச் 4, 5ஆம் திகதிகளில் கும்பல்கள் தெல்தெனிய, திகன பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகள், கடைகள், பள்ளிவாசல்களைத் தாக்கின. திகனயில் எரிந்த வீடொன்றுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞர் உயிரிழந்தார். மார்ச் 6ஆம் திகதி நாடு முழுவதும் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. மறுநாள் முதல் சுமார் ஒரு வாரம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் முடக்கப்பட்டன. தமது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்காக 2020இல் பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

கண்டியின் பழைய வழக்கு

மதமும் அரசும் பிணைந்த கதை இந்த மண்ணில் புதிதல்ல. 1815 மார்ச் 2ஆம் திகதி ஆங்கிலேயருக்கும் கண்டிப் பிரதானிகளுக்கும் இடையே கைச்சாத்தான உடன்படிக்கையின் 5ஆம் வாசகம், பௌத்த மதத்தையும் அதன் கிரியைகளையும் வழிபாட்டிடங்களையும் காப்பதாக வாக்களித்தது.

ஒரு நூற்றாண்டின் பின் அந்த வாசகம் நீதிமன்றம் ஏறியது. கம்பளையில் வலஹாகொட தேவாலயப் பெரஹெர, பள்ளிவாசல் ஒன்றின் அருகே மேளத்தை நிறுத்த வேண்டும் என்று அதிகாரிகள் நிபந்தனை விதித்தார்கள். தேவாலயத்தின் பொறுப்பாளரான பஸ்நாயக்க நிலமே வழக்குத் தொடுத்தார். 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றம் 1815 உடன்படிக்கையை ஏற்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. அதே ஆண்டு மே மாதம், வெசாக் இரவில் கண்டி நகரில் தொடங்கிய முஸ்லிம் விரோதக் கலவரம் பல மாகாணங்களுக்கும் பரவியது.

எழுத்தில் உள்ளது

சோல்பரி அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவு, எந்த மதத்தின் சுதந்திரத்தையும் பாராளுமன்றம் சட்டத்தால் தடுக்கக்கூடாது, ஒரு சமூகத்துக்கு மட்டும் சலுகை வழங்கவும் கூடாது என்றது. 1972ஆம் ஆண்டின் குடியரசு அரசியலமைப்பில் அந்தப் பிரிவு இல்லாமல் போய், பௌத்தத்துக்கு முதன்மைத்தானம் வந்தது. இன்று நடைமுறையிலுள்ள 1978 அரசியலமைப்பின் உறுப்புரை 9உம் அதையே சொல்கிறது: பௌத்தத்துக்கு முதன்மைத்தானம், பௌத்த சாசனத்தைப் பாதுகாத்து வளர்ப்பது அரசின் கடமை. அதே வசனத்திலேயே ஏனைய மதங்களுக்கு உறுப்புரை 10, 14(1)(உ) ஆகியவற்றின் உரிமைகளும் உறுதியளிக்கப்படுகின்றன.

உறுப்புரை 10, விரும்பிய மதத்தை வைத்திருக்கவும் ஏற்கவும் எல்லோருக்கும் உரிமை தருகிறது. அதற்கு மட்டுப்பாடு எதுவும் இல்லை. வழிபாடு, அனுட்டானம், போதனை பற்றிய 14ஐச் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம். 9ஐயோ 10ஐயோ மாற்றுவதானால் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும்.

இந்த இரண்டும் மோதும்போது என்ன நடக்கும்? 2003இல் கத்தோலிக்கக் கன்னியர் சபையொன்றைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மதத்தைப் பரப்புவது அடிப்படை உரிமையல்ல, அச்சட்டமூலம் உறுப்புரை 9க்கும் முரண் என்றது நீதிமன்றம். இந்திய அரசியலமைப்பின் 25ஆம் உறுப்புரையில் 'பரப்பும்' உரிமை சொல்லாகவே இருக்கிறது. எங்களுடையதில் அந்தச் சொல் இல்லை. 2005இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு, அந்தச் சகோதரிகளின் மதச் சுதந்திரம் மீறப்பட்டதாகக் கண்டது.

கொவிட் காலத்தில் உடல்களைக் கட்டாயமாக எரித்ததும் இப்படியான மோதலே. 2020 ஏப்ரலில் வந்த வர்த்தமானி 2021 பெப்ரவரியில்தான் திருத்தப்பட்டு, அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

நானாவுக்கு என் பதில்

அடுத்த முறை போனபோது சொன்னேன். உறுப்புரை 126இன் கீழான மனு, நிறைவேற்று அல்லது நிருவாகச் செயலுக்கு எதிரானது. கடைக்குத் தீ வைத்தவன் மீது அந்த மனு போட முடியாது. அவனுக்குத் தண்டனைச் சட்டமும், வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கும் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். சட்டமும் இருக்கின்றன. ஆனால், தடுக்க வேண்டிய அதிகாரிகள் பார்த்துக்கொண்டு நின்றிருந்தால் அவர்களுக்கு எதிராகப் போகலாம். போக வேண்டிய இடம் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றம் மட்டுமே. காலக்கெடு ஒரு மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்குக் கண்டியிலும் அலுவலகம் இருக்கிறது.

நானா சிரித்தார். "ஒரு மாசமா? நாங்க அந்த மாசம் பூரா சாம்பல் அள்ளினோம் தம்பி."

அவர் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. எந்த மதத்துக்கு முதலிடம் என்பதைப் பற்றி எழுபது வருடமாக வாதிடுகிறோம். எரிகிற கடைக்கு முன்னால் நிற்கும் பொலிஸ்காரர், கடைக்காரரின் மதத்தைப் பாராமல் கடமையைச் செய்வாரா என்பதை அந்த அளவுக்குக் கேட்டதில்லை. திகனயிலும் தெல்தெனியவிலும் வாழ்பவர்களுக்கு மதச் சுதந்திரம் என்பது முதலில் அந்தக் கேள்விதான். ஒரு மாதக் கெடுவையாவது நீட்டுங்கள் என்று கேட்பதற்கு யாருடைய முதன்மைத்தானத்தையும் தொடத் தேவையில்லை.