கந்தல் துணிக்காக ஓடிய நாய்கள்

கோவில்பட்டியிலிருந்து வீடியோவில் பேசும்போதெல்லாம் அம்மாவுக்கு ஒரே கவலைதான். "ஏட்டி, அந்த நாய்க்குச் சோறு போடுறியா இல்லையா? விலா எலும்ப எண்ணிரலாம் போல இருக்கே!"

சோபாவில் என் கம்பளிக்குள் மூக்கு மட்டும் தெரியச் சுருண்டு கிடக்கும் பெஸ்ஸியைத்தான் சொல்கிறாள். பெஸ்ஸி விப்பெட் ஜாதி. வயது எட்டு, எடை 12 கிலோ. கடைசி விலா எலும்புகள் லேசாகத் தெரிந்தால்தான் இந்த நாய் சரியான உடம்போடு இருக்கிறது என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். சிப்பிப்பாறை நாய்களைப் பார்த்தே வளர்ந்தவள், இதை மட்டும் நம்பமாட்டேன் என்கிறாள். போன மாதம் அதற்கு நான் கோட்டு மாட்டிவிட்டதைப் பார்த்ததும் பேச்சு வேறு பக்கம் போனது. "நாய்க்குச் சட்டையா? நல்லாத்தான் வெள்ளைக்காரி ஆயிட்ட."

அந்தக் கோட்டுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் கதை அல்ல, கரி வெட்டியவர்களின் கதை.

நான் வடகிழக்கு இங்கிலாந்தில், சண்டர்லாண்டில் 22 ஆண்டுகளாக நர்ஸாக இருக்கிறேன். பெஸ்ஸி எனக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவர் விட்டுப்போன சொத்து. அவர் வேர்மவுத் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1993 டிசம்பரில் அதை மூடினார்கள். அந்த இடத்தில் 1997இல் கால்பந்து மைதானம் வந்துவிட்டது. வாசலில் மட்டும் ஒரு பெரிய சுரங்க விளக்குச் சிலை நிற்கிறது. இந்தப் பக்கத்து ஆட்கள் பெண்களை 'பெட்' (pet) என்று கூப்பிடுவார்கள், நம் ஊர் 'தாயி' மாதிரி. பெரியவரும் என்னை 'பெட்' என்பார், நாயைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். வந்த புதிதில் எனக்கு அது குழப்பமாகத்தான் இருந்தது.

விப்பெட்டை அவர் 'ஏழையின் பந்தயக் குதிரை' என்பார். அது அவர் சொல் அல்ல, ஊர்ச்சொல். குதிரை வைக்கப் பணமில்லாத டர்ஹாம், லங்காஷயர், யார்க்ஷயர் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளிகளும் ஆலைத் தொழிலாளிகளும் 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிக்கொண்ட நாய் இது. சின்ன கிரேஹவுண்டோடு டெரியரைச் சேர்த்தார்கள். தொடக்கத்தில் வேலை என்னவோ கொடூரமானதுதான். அடைப்புக்குள் முயலை விட்டு, எந்த நாய் முதலில் கவ்வுகிறது என்று பந்தயம் கட்டுவார்கள். அதனாலேயே இதற்குக் 'கவ்வு நாய்' என்ற பொருளில் ஒரு பழைய பெயரும் உண்டு. பெரியவர் இதைச் சொல்லும்போது தன் தாத்தாவின் பெருமையாகச் சொன்னதில்லை, குரல் இறங்கிவிடும்.

முயலுக்குப் பதில் துணியை நோக்கி ஓடவிட்ட துணிப் பந்தயத்தின் கதைக்கு வந்ததும்தான் எழுந்து நிற்பார்.

நேர்த்தடம், 200 கஜம். ஓடுவதற்கு முன் ஒவ்வொரு நாயையும் தராசில் நிறுத்துவார்கள். எடைக்குத் தக்கபடி முன்னும் பின்னுமாகப் புறப்படும் இடம். கழுத்தில் ஆளுக்கொரு நிற ரிப்பன். நாயை விடுகிற ஆளுக்கு 'ஸ்லிப்பர்' என்று பெயர். ஒரு கையால் பிடரியையும் மறுகையால் வாலின் அடியையும் பிடித்துத் தூக்கி நிற்பார். துப்பாக்கி வெடித்ததும் நாயை அப்படியே காற்றில் வீசுவார், கால் தரையில் படும்போதே அது ஓட்டத்தில் இருக்க வேண்டும். கை தேர்ந்த ஸ்லிப்பரால் ஒரு கஜம் இரண்டு கஜம் லாபம். மறுமுனையில் நாய்க்குச் சொந்தக்காரர் எல்லைக்கோட்டுக்கு அப்பால் நின்று கந்தல் துணியைச் சுழற்றித் தொண்டை கிழியக் கத்துவார். குட்டியிலிருந்தே அந்தத் துணியைக் கடித்து விளையாடிப் பழகிய நாய், பக்கத்தில் யார் ஓடினாலும் திரும்பிப் பார்க்காது. சுமார் 12 விநாடியில் துணியைக் கவ்வித் தொங்கும். கீழே முயலும் இல்லை, ரத்தமும் இல்லை. ஒரு விளையாட்டு தன்னைத்தானே திருத்திக்கொண்டதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது கோட்டுக்கு வருகிறேன். ஈரமும் காற்றுமான இந்த ஊரில், கொழுப்பே இல்லாத, முடி குட்டையான நாயைப் பந்தயத்துக்கு நடத்திக்கொண்டு போனால் தசை விறைத்துவிடும். அதனால் கம்பளி போர்த்தித்தான் கூட்டிப்போவார்கள். "தாத்தாவுக்கு நல்ல கோட்டு கிடையாது, நாய்க்கு இருந்தது" என்பார் பெரியவர். இறைச்சி வாங்கினால் முதல் துண்டு நாய்க்கு. படுக்கை பிள்ளைகளோடு. சுரங்கக்காரர்களுக்குக் கூலியோடு கரியும் கொடுப்பார்கள் என்பதால் அடுப்பு அணைவதே இல்லை. இன்று பெஸ்ஸி ஹீட்டரை ஒட்டிக் கிடப்பதும், இரவில் என் போர்வைக்குள் தலையால் முட்டி நுழைவதும் செல்லம் கொடுத்துக் கெடுத்ததால் அல்ல. பந்தய நாயைப் பராமரித்த முறையே அதுதான்.

வீட்டுக்குள் இதைப்போல் சாதுவான பிராணி கிடையாது. குரைப்பதுகூட அபூர்வம். வெளியே போனால் கதை வேறு. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடும் ஜாதி. தூரத்தில் ஒரு அணில் அசைந்தால் போதும், காது செவிடாகிவிடும். மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் நாயை யார் துரத்திப் பிடிப்பது? தலை கழுத்தைவிட ஒடுக்கம் என்பதால் சாதாரணப் பட்டை நழுவிவிடும், அகலமான தோல் பட்டைதான் சரி. ஒருமுறை பூனையைக் கண்டு முள்கம்பிக்குள் பாய்ந்து, தோள்பட்டையிலிருந்து விலா வரை தோல் கிழிந்தது. 14 தையல். இவற்றின் தோல் அவ்வளவு மெல்லிசு. மயக்க மருந்து பற்றி மருத்துவரைக் குடைந்து எடுத்தேன், தொழில்புத்தி. தியோபென்டால் போன்ற பழைய மருந்துகள் இந்த வகை நாய்களின் உடம்பிலிருந்து இறங்க அதிக நேரம் பிடிக்கும். விப்பெட் வளர்ப்பவர்கள் அறுவைக்கு முன் இதைக் கேட்காமல் விடக்கூடாது.

1888இல் அமெரிக்கக் கென்னல் கிளப்பும் 1891இல் இங்கிலாந்துக் கிளப்பும் விப்பெட்டைத் தனி இனமாக ஏற்றன. லங்காஷயரிலிருந்து மாசசூசெட்ஸ் ஆலைகளுக்குப் பிழைக்கப் போனவர்கள் கையோடு நாயையும் கொண்டுபோயிருந்தார்கள். 1926 ஜூலையில் மான்செஸ்டரின் பெல் வியூ மைதானத்தில் இயந்திர முயலை விட்டு கிரேஹவுண்டுகளை ஓட்டத் தொடங்கியதும் கூட்டம் அங்கே போனது, துணிப் பந்தயம் மெலிந்தது. விப்பெட் கண்காட்சி மேடை ஏறியது. கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் 1992, 2004, 2018 என மூன்று முறை முதல் பரிசு. மேடையில் நின்ற அழகைவிட 2007இல் வந்த ஓர் ஆராய்ச்சிதான் எனக்குப் பிடித்தது. தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணுவில் ஒரு பிறழ்வு சில விப்பெட்டுகளுக்கு உண்டு. ஒரு பிரதி இருந்தால் வேகம் கூடுகிறது. இரண்டு பிரதி வந்துவிட்டால் நாய் பயில்வான்போல் புடைத்துவிடுகிறது. மரபணு என்ற சொல்லே தெரியாத காலத்தில், சனிக்கிழமைப் பந்தயத்தை மட்டும் பார்த்து இனம் சேர்த்தவர்கள் கை வைத்த இடம் அது.

பெரியவர் போய் நான்கு வருஷம் ஆகிறது. பெஸ்ஸி ஒரு பந்தயம்கூட ஓடியதில்லை. ஆனால் தோட்டத்துக் கொடியில் துவாலை காற்றில் படபடத்தால் கிளிப்போடு பிடுங்கிக்கொண்டு போய்விடும். துணிகளை நான் வீட்டுக்குள்தான் காயப்போடுகிறேன்.