பரிசில் முதல் மொய் வரை: கலைஞரின் கூலி பற்றி ஒரு வரலாறு



கே.ஏ. குணசேகரனை நினைவுகூர வெள்ளக்கடையில் கூடியிருக்கிறோம். 1955இல் மாரந்தையில் பிறந்து 2016 ஜனவரியில் மறைந்தவர். இன்குலாபின் கவிதையை ஊர் ஊராகப் பாடிச் சென்றவர். ‘பலி ஆடுகள்’ நாடகத்தையும் ‘வடு’ தன்வரலாற்றையும் தந்தவர். அவர் பெயரால் பேசும்போது பாட்டைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போக முடியாது. பாடுகிறவர் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்றும் கேட்டாக வேண்டும். நலிந்த கலைஞர்களுக்கு எப்படி நிதி திரட்டுவது என்பது இன்று நம் முன் உள்ள கேள்வி. அதற்கு விடை தேடுமுன், இதுவரை யார், எப்படி, எந்த நிபந்தனையில் கொடுத்தார்கள் என்று பார்ப்போம்.

சங்க இலக்கியத்தில் ஆற்றுப்படை என்றொரு வகை உண்டு. பரிசில் பெற்று வரும் கலைஞர், வறுமையில் எதிர்ப்படும் இன்னொரு கலைஞருக்கு வள்ளலின் ஊரையும் வழியையும் சொல்லி அனுப்புவது அது. கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம், நம் சேர்வராயன் மலையைப் போலவே கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த செங்கம் பகுதியின் நன்னனிடம் கூத்தரை வழிப்படுத்துகிறது. கலைஞர் கலைஞருக்கு உதவும் பழைய ஏற்பாடு இது. ஆனால் கொடுக்கும் கை அரசனுடையது. அவன் மனம் மாறினால் வழி சொல்லி என்ன பயன்? புறநானூறு பறையனையும் பாணனையும் மதிப்புக்குரிய குடிகளின் வரிசையில் வைத்துப் பேசுகிறது. அந்த மதிப்பு பின்னாளில் நிலைக்கவில்லை.

பிற்காலத்தில் பறை சாதித் தொழிலாக்கப்பட்டது. சாவுக்கும் திருவிழாவுக்கும் அடித்தே ஆக வேண்டும். கிடைப்பது களத்தில் அளக்கும் கொஞ்சம் தானியமும் மிஞ்சிய சோறும். மறுத்தால் அடி. அதனால்தான் நம் முன்னோர் பலர் பறையைத் தூக்கி எறிந்தார்கள். அது கலையை வெறுத்த செயலன்று, கூலியில்லா வேலையை மறுத்த செயல். 1990களில் தலித் கலைவிழாக்கள் அதே பறையை விடுதலையின் கருவியாக மேடையேற்றின. 2025இல் மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. எறிந்ததும் எடுத்ததும் ஒரே போராட்டத்தின் இரண்டு கட்டங்கள்.

கூத்துக்காரர் கதை வேறு வகை. தை, மாசியில் தொடங்கும் ஆட்டம் ஆடி, ஆவணியோடு ஓய்கிறது. மழைக்கால மாதங்களில் வாங்கிய முன்பணமே அடுத்த ஆண்டுக்குக் கட்டிப்போடும் கயிறாகிறது. இதை மாற்ற 1990இல் காஞ்சிபுரம் பகுதியில் பி. ராஜகோபால் முதலானோர் கட்டைக்கூத்துக் கலைஞர்களின் சங்கம் கண்டார்கள். நம் சேலம் மாவட்டத்திலேயே மேட்டூர்ப் பக்கம் ‘மணல்வீடு’ மு. ஹரிகிருஷ்ணன் களரி வழியாக மூத்த கூத்துக் கலைஞர்களுக்கு விழா எடுத்துச் சிறப்புச் செய்துவந்திருக்கிறார்.

சினிமாவுக்கு வேறு வழி இருந்தது. நடிகர் சங்கத்தின் கடனை அடைக்க 2002இல் விஜயகாந்த் தலைமையில் நட்சத்திரங்கள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மேடையேறினார்கள். அவர்கள் முகத்துக்கு அரங்கம் நிறைந்தது. பறையடிப்பவர் முகத்துக்கு அரங்கம் நிறையாது. அவருக்காக 2007இல் அரசு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் அமைத்தது. ஆனால் அடையாள அட்டையும் வயதுச் சான்றும் இல்லாதவருக்கு வாரியத்தின் வாசல் எட்டாது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பங்குனி, சித்திரைத் திருவிழாக்கள் நின்றன. ஓர் ஆண்டு வருமானம் ஒரே அடியில் போனது. டி.எம். கிருஷ்ணா போன்றவர்கள் கலைஞர்களுக்கென நிதி திரட்டிக் கொடுத்தார்கள். அந்த டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’யைத் தொடங்கி, சென்னையின் இசை மாதத்தில் நம் கலைஞர்களுக்கு மேடை கொடுத்தது. முன்னது அன்றைய பசியைத் தீர்த்தது. பின்னது கலைஞரைக் கலைஞராகவே நிறுத்தியது. இரண்டும் வேண்டும், ஆனால் முன்னதோடு நின்றுவிடக் கூடாது.

இந்த வரலாற்றிலிருந்து மூன்று யோசனைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, மொய் விருந்து. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் விருந்து வைத்து, நோட்டில் எழுதி, லட்சக்கணக்கில் திரட்டுகிறார்கள். 1820களில் காக்பர்ன் துரை கொண்டுவந்த காப்பி இந்த மலையில் பழுத்துப் பறிக்கப்படுவது கார்த்திகை, மார்கழியில். கூத்துக்காரர் கை வறண்டிருக்கும் அதே மாதங்களில்தான் எஸ்டேட் தொழிலாளர் கையில் கொஞ்சம் காசு புழங்குகிறது. அப்போது வெள்ளக்கடையில் ஒரு மொய் விருந்து வைப்போம். மற்ற விருந்துகளில் மொய் வாங்கியவர் திருப்பிச் செய்ய வேண்டும். இங்கே அப்படியில்லை. நம் ஊர்கள் தலைமுறைகளாகக் கொடுக்காமல் விட்ட கூலியைத்தான் அந்த நோட்டில் வரவு வைக்கிறோம். கடன்பட்டவர் கலைஞரல்லர்.

இரண்டாவது, பங்கு. நம் கூட்டங்களிலும் நூல் விற்பனையிலும் பத்தில் ஒரு பங்கை இந்த நிதிக்கு ஒதுக்குவோம். அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் குழுவில் பாதிப்பேர் ஆட்டக்காரரும் அடிப்பவருமாக இருக்கட்டும். நம் மேடையில் ஆடுகிறவருக்கு அன்றிரவே கூலி கையில் சேரட்டும்; பொன்னாடை அதற்குப் பிறகு.

மூன்றாவது, எழுத்து. படித்த இளைஞர் ஒவ்வொருவரும் ஒரு மூத்த கலைஞரின் வாரியப் பதிவை முடித்துக் கொடுக்கட்டும். காசு செலவில்லாத நிதி இது.

ஒரே ஒரு நிபந்தனை, அதுவும் நமக்குத்தான். நோயுற்ற கலைஞரை மேடையில் உட்கார வைத்து, அழ வைத்து, படம் பிடித்துப் பணம் கேட்க மாட்டோம். பறையைத் தூக்கி எறிந்தவர் மானத்துக்காக எறிந்தார். அதை மீண்டும் கையில் எடுத்தவரிடம் அந்த மானத்தை விலையாகக் கேட்க நமக்கு உரிமையில்லை.

 ஜெய்பீம்.