வெயிலுக்குப் போற வழி

மதுரைக்காரன் ஒருத்தன் காசு கொடுத்து வெயில் வாங்கப் போன கதை இது. போன்ல அம்மாகிட்ட சொன்னப்ப, "ஏண்டா, இங்க வந்தா சும்மாவே கிடைக்குமே"ன்னாங்க. நியாயமான கேள்விதான். விமான டிக்கெட் விலை அம்மாவுக்குத் தெரியாது.

நான் குப்பை கொட்டுறது அமெரிக்காவின் மின்னசோட்டாவில். ஜனவரியில் மைனஸ் 20 டிகிரி எல்லாம் இங்கே ஒரு செய்தியே இல்லை. எனக்கிருக்கிற ஒரே கெட்ட பழக்கம் தொலைதூர சைக்கிள். பந்தயம் இல்லீங்க. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிஷத்துக்குள்ள முடிக்கணும், வழியில் குறிப்பிட்ட இடங்களைக் கடந்ததுக்கு அட்டையில் அத்தாட்சி வாங்கணும், அவ்வளவுதான். யார் முதல்ல வந்தாங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க. இதுக்கு 'பிரெவே'ன்னு பேரு. பிரெஞ்சுக்காரங்க வெச்சது.

இந்த 200-ஐ மாசத்துக்கு ஒண்ணு வீதம் 12 மாசம் விடாம ஓட்டினா, 'ரூசா' என்கிற அமெரிக்க சங்கம் (1998-ல் ஆரம்பிச்சது) 'ஆர்-12'ன்னு ஒரு விருது தருது. நடுவுல ஒரு மாசம் விட்டாலும் போச்சு, மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணணும். ஃப்ளோரிடாக்காரனுக்கு இதுல பெரிய கஷ்டம் இல்லை. எங்க ஊர்க்காரனுக்கு டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூணும் மூணு மலை. அதனால அக்டோபர் வந்ததும் நான் தெற்கு மாநிலங்களோட அட்டவணையைப் புரட்ட ஆரம்பிச்சுடுவேன். டெக்சஸ்ல என்னைக்கு, அரிசோனாவுல என்னைக்கு, தெற்குக் கலிஃபோர்னியாவுல என்னைக்குன்னு. பொங்கலுக்கு ஊருக்குப் போக பஸ் தேடுற மாதிரி ஒரு தேடல்.

கூட ஓட்டுற நண்பர் ஒருத்தர் இதைப் பார்த்துட்டு, "குளிருக்குப் பயந்து ஓடுறது என்னய்யா சைக்கிள்?"ன்னு கேட்டார். சுருக்குன்னு இருந்துச்சு. பதில் சொல்லத் தெரியலை. சரி, நமக்கு முன்னாடி எவனாவது இப்படி ஓடியிருக்கானான்னு பழைய கதைகளைத் தோண்டினேன். தோண்டினா, இந்த விளையாட்டோட நாட்காட்டியே அப்படி ஓடினவங்க போட்டதுதான்!

முதலில், குளிர்காலத்தில் சைக்கிள்காரர்கள் கூரைக்குள் ஓடினார்கள். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 1891-லிருந்து ஆறு நாள் பந்தயங்கள் நடந்தன. மழை இல்லை, பனி இல்லை, சுருட்டுப் புகை மட்டும். ஒரே ஆள் ஆறு நாளும் தூக்கம் கெட்டு சுற்றிச் சுற்றி வருவார். பார்க்கவே சகிக்காமல், ஒருவர் நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று சட்டம் கொண்டு வந்தார்கள். அப்புறம்தான் 1899-ல் இருவர் மாறி மாறி ஓட்டும் முறை வந்தது. ஒலிம்பிக்கில் 'மேடிசன்' என்று ஒரு போட்டி பார்த்திருப்பீர்கள், அந்தப் பெயர் இங்கிருந்து வந்ததுதான்.

கூரை இல்லாமல் வெயிலையே தேடிப் போகலாம் என்ற எண்ணத்துக்கு நல்ல உதாரணம் இத்தாலி. வடக்கே மிலான், பனிமூட்டத்துக்குப் பேர் போன ஊர். தெற்கே மத்தியதரைக் கடலோரத்தில் சான் ரெமோ. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பியப் பணக்காரர்கள் குளிருக்கு ஒதுங்கிய ஊர் அது. ரஷ்யப் பேரரசி 1874-75 குளிர்காலத்தை அங்கே கழித்தார். நோபல் பரிசின் ஆல்ஃப்ரெட் நோபல் அங்கே வீடு வாங்கி, 1896 டிசம்பரில் அங்கேயே இறந்தார். ஆக, சான் ரெமோ என்றாலே வெயில்.

1907 ஏப்ரல் 14. 'லா கஸெத்தா டெல்லோ ஸ்போர்ட்' பத்திரிகை மிலானிலிருந்து சான் ரெமோவுக்கு முதல் பந்தயத்தை நடத்தியது. 280 கிலோமீட்டருக்கு மேல். புறப்பட்டவர்கள் 33 பேர், போய்ச் சேர்ந்தவர்கள் 14 பேர். பிரான்ஸின் லூசியன் பெத்தி-பிரத்தோன் சுமார் 11 மணி நேரத்தில் ஜெயித்தார். இன்றைக்கும் இத்தாலியர்கள் அந்தப் பந்தயத்தை 'லா ப்ரிமவேரா' என்கிறார்கள். வசந்தம் என்று அர்த்தம்.

ஆனா வெயிலுக்குப் போற வழியில ஒரு மலை இருக்கே! துர்கினோ கணவாய். உயரம் 532 மீட்டர்தான், நம்ம கொடைக்கானல்ல கால்வாசி. உச்சியில் ஒரு சுரங்கப் பாதை. இந்தப் பக்கம் குளிர், அந்தப் பக்கம் கடல். நல்ல நாளில் சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் வெளிச்சம் முகத்தில் அடிக்குமாம்.

1910 ஏப்ரல் 3 நல்ல நாள் இல்லை. கணவாய் முழுக்கப் பனி. அறுபதுக்கு மேற்பட்டவர்கள் கிளம்பினார்கள். யூஜீன் கிறிஸ்தோஃப் என்ற பிரெஞ்சுக்காரர் மேலே போனதும் கை கால் விறைத்து சாலையோரத்தில் நின்றுவிட்டார். வழியில் வந்த ஒருவர் அவரைப் பக்கத்துச் சத்திரத்துக்குக் கூட்டிப் போனார். போர்வை கொடுத்து, உடம்பைத் தேய்த்து, நீளக் காற்சட்டை ஒன்றும் கொடுத்தார்கள். கொஞ்சம் சூடு ஏறியதும் கிறிஸ்தோஃப் எழுந்தார். போக வேண்டாம் என்று சத்திரக்காரர் தடுத்தும் கேட்கவில்லை. 12 மணி 24 நிமிடத்தில் சான் ரெமோ சேர்ந்து ஜெயித்தார். அன்றைக்கு முடித்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஜெயித்தவரும் அப்புறம் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

பிரெஞ்சுக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. பாரிஸில் ஒன்றும் நீஸ் நகரில் ஒன்றுமாகப் பத்திரிகை வைத்திருந்த ஆல்பர் லெஜூன், இரண்டு ஊரையும் இணைத்து 1933 மார்ச்சில் பாரிஸ்-நீஸ் பந்தயத்தைத் தொடங்கினார். ஆறு கட்டம், மொத்தம் 1,200 கிலோமீட்டருக்கு மேல். முதல் வருஷம் அதற்கு 'சாலையில் ஆறு நாள்' என்றுதான் பெயர். கூரைக்குள் ஆறு நாள் பந்தயம் பார்த்த கூட்டத்தை வெளியே இழுக்கும் தந்திரம். இப்போது அதன் செல்லப் பெயர் 'சூரியனை நோக்கிய ஓட்டம்'. அந்தச் சூரியனும் எப்போதும் வருவதில்லை. 2016-ல் பனி கொட்டி மூன்றாம் கட்டத்தையே ரத்து செய்தார்கள்.

இதையெல்லாம் படிச்சு நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுதான் போன ஜனவரியில டெக்சஸ் போனேன். எனக்கு அது எட்டாவது மாசம். காலையில 18 டிகிரி. அரைக்கை சட்டை, விரல் இல்லாத கையுறை. மத்தவங்க எல்லாம் கால்மூடி, கைமூடின்னு மாட்டியிருந்ததைப் பார்த்து மனசுக்குள்ள சிரிச்சேன். மின்னசோட்டாக்காரன்கிட்டயா குளிரைக் காட்டுறீங்கன்னு ஒரு திமிர். (வாய் விட்டுச் சொல்லலை, அந்த மட்டும் தப்பிச்சேன்.)

டெக்சஸ்ல மலைக்குப் பதிலா 'நார்தர்'னு ஒண்ணு இருக்கு. வடக்கேயிருந்து தடுக்க ஒரு குன்று கூட இல்லாத சமவெளியில திடீர்னு இறங்குற குளிர்காற்று. 1911 நவம்பர் 11 அன்னிக்கு இந்த மாதிரி ஒரு காற்று பக்கத்து மாநிலத்து ஓக்லஹோமா சிட்டியில ஒரே நாள்ல 28 டிகிரியை மைனஸ் 8 ஆக்கிச்சு. ரெண்டுமே அந்தத் தேதிக்கான சாதனை.

எனக்கு வந்தது அவ்வளவு பெரிசில்லை. 120-ஆவது கிலோமீட்டர்ல வடக்குப் பக்கம் வானம் கருநீலமா ஆச்சு. திரும்பி வர்ற பாதை முழுக்க வடக்கு நோக்கி. எதிர்க்காத்து, தூறல், ரெண்டு மணி நேரத்துல 3 டிகிரி. 150 தாண்டினப்ப கியர் மாத்த விரல் வரலை. பிரேக் பிடிக்கவும் வரலை. ஒரு பெட்ரோல் பங்க் கடைக்குள்ள போய் காபி மெஷின் பக்கத்துல நின்னேன். கல்லாவுல ஒரு குஜராத்தி அம்மா. ஒண்ணும் கேக்காம ஒரு துண்டு கொடுத்தாங்க. காபிக்குக் காசு வாங்கலை. அரை மணி கழிச்சு நான் காலுக்கு பிளாஸ்டிக் பை கட்டிக்கிட்டு எழுந்ததும், "இந்தக் கையோட எப்படி பிரேக் பிடிப்பே?"ன்னு கேட்டாங்க.

சத்திரக்காரர் தடுத்தும் கிறிஸ்தோஃப் போனார். நான் போகலை. நடத்துறவங்களுக்கு போன் பண்ணி விலகிட்டேன்னு சொன்னேன். ஏழு மாசக் கணக்கு அந்தக் கடையில முடிஞ்சுது. ராத்திரி விடுதியில அழுகையே வந்துச்சு, வெக்கமா இருக்கு சொல்ல.

அப்புறம் ஒண்ணு யோசிச்சேன். 1910-ல் அந்த மலையில நின்னுட்ட மத்தவங்க? ஏதோ ஒரு அடுப்புப் பக்கத்துல உக்காந்து கையைச் சூடு பண்ணினவங்க? அவங்களும் அதே வெயிலைத் தேடித்தானே கிளம்பினாங்க. 2013 மார்ச்லயும் துர்கினோவுல பனி. அன்னைக்கு நடத்துறவங்களே பந்தயத்தை நிறுத்தி, எல்லாரையும் பஸ்ல ஏத்தி, மலைக்கு அந்தப் பக்கம் இறக்கி மறுபடி ஓடவிட்டாங்க. 103 வருஷம் கழிச்சு சத்திரக்காரர் பேச்சைக் கேட்டிருக்காங்கன்னு எடுத்துக்கிட்டேன்.

நண்பருக்கும் இப்ப பதில் இருக்கு. குளிருக்குப் பயந்து ஓடலை ஐயா. வெயிலைத் தேடித்தான் போனேன், வழியில குளிர் பிடிச்சுக்கிச்சு.

ஏப்ரல்ல மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சேன். இது மூணாவது மாசம். டிசம்பருக்கு அரிசோனா பார்த்து வெச்சிருக்கேன். முழுவிரல் கையுறையை இப்பவே பையில போட்டாச்சு :-)